பார்வையாளர்கள் எந்த மனிதக் குரங்கின் முன் நின்று பார்க்கிறார்கள்?

உயிரியல் பூங்காக்களுக்கு வருகிறவர்கள் கொரில்லா, சிம்பன்சி, ஒராங்குட்டான், போனோபோ ஆகிய மனிதக் குரங்குகளில் எதை மிகுதியாக விரும்புகிறார்கள், அந்த விருப்பம் எதனால் உண்டாகிறது, எந்தக் குரங்கை வளர்ப்பது என்று பூங்காக்கள் முடிவு செய்வதில் அதற்குப் பங்கு உண்டா என்பவையே கேள்விகள். முதல் கேள்விக்கு நேரான விடை உண்டு. இன்றைய நிலையில் கொரில்லாவே முதலிடத்தில் இருக்கிறது. ஒராங்குட்டானும் சிம்பன்சியும் பூங்காவுக்குப் பூங்கா இடம் மாறி அடுத்த இரண்டு நிலைகளில் நிற்கின்றன. போனோபோ வெகுவாகப் பின்தங்கியிருக்கிறது. ஆனால் அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வியைக் கேட்டிருந்தால், சிம்பன்சி என்று எவரும் தயங்காமல் சொல்லியிருப்பார்கள். அந்த இடைக்காலத்தில் விலங்குகளின் இயல்பு ஒன்றும் மாறிவிடவில்லை. அவற்றை மக்கள் முன் நிறுத்திய விதம் மாறியது, அதனால் விருப்பமும் மாறியது என்பதே என் கருத்து.

செல்வாக்கை எப்படி அளப்பது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நுழைவாயிலில் நின்றுகொண்டு "எதைப் பார்க்க வந்தீர்கள்?" என்று கேட்டால் கிடைப்பது ஒரு விடை. ஒவ்வொரு அடைப்பின் முன்னும் மக்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று குறித்து வைத்தால் கிடைப்பது இன்னொரு விடை. முன்னது ஒரு விலங்கின் புகழைக் காட்டுகிறது. பின்னது அந்த நேரத்தில் அந்த விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது என்பதையே பெரும்பாலும் காட்டுகிறது. உறங்குகிற கொரில்லாவின் முன் நிற்கும் கூட்டம் சில நிமிடங்களில் கலைந்துவிடும். குட்டியோடு விளையாடுகிற எந்தக் குரங்கின் முன்னும் கூட்டம் கலையாது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, மக்களைப் பெரிதும் கவரும் விலங்குகள் எவை என்பதைக் கருத்துக்கணிப்புகள், பூங்காக்களின் இணையதளங்களில் உள்ள படங்கள் போன்றவற்றைக் கொண்டு வரிசைப்படுத்தியது. புலி, சிங்கம், யானை என்று தொடங்கிய அந்த வரிசையின் முதல் பத்து இடங்களில் மனிதக் குரங்கு இனத்திலிருந்து இடம்பெற்றது கொரில்லா மட்டுமே, அதுவும் பத்தாவதாக. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பூங்கா 1999-இல் திறந்த கொரில்லாக் காட்டுப் பகுதிக்குத் தனிக் கட்டணம் வைத்து, அந்தப் பணம் எந்தப் பாதுகாப்புத் திட்டத்துக்குப் போக வேண்டும் என்பதைப் பார்வையாளரே தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டையும் செய்தது. நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே வந்தவர்கள் மேலும் பணம் கொடுத்துப் பார்க்க முன்வருவது, கருத்துக்கணிப்பில் ஒரு பெயரைச் சொல்வதைவிட வலுவான சான்று என்று நான் கருதுகிறேன்.

கொரில்லாவுக்கு இந்த இடம் எளிதில் கிடைத்துவிடவில்லை. மேற்கத்திய அறிவியல் அதை முறையாக விவரித்தது 1847-இல்தான். 1861-இல் பால் டு ஷெய்யு என்ற பயணி எழுதிய வேட்டைக் கதைகள் அதை மார்பில் அறைந்துகொண்டு பாயும் கொடிய விலங்காக மக்கள் மனத்தில் பதித்தன. அந்தப் பிம்பம் 1933-இல் வந்த கிங் காங் திரைப்படம் வரை வளர்ந்துகொண்டே போனது. இதற்கிடையில் பூங்காக்களுக்குக் கொண்டுவரப்பட்ட கொரில்லாக் குட்டிகளில் பெரும்பாலானவை தவறான உணவாலும் மனிதரிடமிருந்து தொற்றிய நோய்களாலும் விரைவிலேயே இறந்தன. ஆகவே முழுதாக வளர்ந்த ஒரு கொரில்லாவை நேரில் காண்பது அரிய நிகழ்வாகவே இருந்தது. சிகாகோவின் லிங்கன் பார்க் பூங்காவுக்கு 1930-இல் வந்த புஷ்மேன் அந்த அரிய நிகழ்வாக அமைந்தது. 1951 ஆம் ஆண்டின் முதல் நாளில் அது இறந்தபோது, வெறுமையாகக் கிடந்த அதன் கூண்டைப் பார்ப்பதற்காகவே மக்கள் வந்து சென்றார்கள். பாடம் செய்யப்பட்ட அதன் உடல் இன்றும் அந்நகரின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

லண்டனில் அந்த இடத்தைப் பிடித்தது கை என்ற ஆண் கொரில்லா. 1947 நவம்பர் 5 அன்று சிறு குட்டியாக வந்து சேர்ந்தது. அந்த நாள் பிரிட்டனில் கை ஃபாக்ஸ் நாள் என்று கொண்டாடப்படும் நாள் என்பதால் அந்தப் பெயர். அது வளர்ந்து மிகப் பெரிய உடலைப் பெற்றபின், கூண்டுக்குள் வந்துவிடும் சிட்டுக்குருவிகளை உள்ளங்கையில் ஏந்தி உற்றுப் பார்த்துவிட்டு மெல்ல விடுவித்ததைப் பார்வையாளர்கள் கண்டார்கள். வேட்டைக் கதைகள் சொன்ன விலங்கும் கண்ணெதிரே இருந்த விலங்கும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. கொரில்லாவின் இன்றைய செல்வாக்கு இந்த முரணிலிருந்தே பிறந்தது என்று நினைக்கிறேன்: அச்சமூட்டும் உருவம், அதற்குள் எதிர்பாராத மென்மை. 1986-இல் ஜெர்சி தீவின் பூங்காவில் சிறுவன் ஒருவன் கொரில்லா அடைப்புக்குள் விழுந்து நினைவிழந்து கிடந்தபோது, ஜாம்போ என்ற வெள்ளிமுதுகு ஆண் (முதிர்ந்து முதுகு மயிர் வெளுத்த ஆண் கொரில்லா) அவனருகே காவல் போல நின்றது ஒளிப்படக் கருவியில் பதிவானது. 1996-இல் சிகாகோவுக்கு அருகிலுள்ள புரூக்ஃபீல்டு பூங்காவில் பிந்தி ஜுவா என்ற தாய்க் கொரில்லா, தன் குட்டி முதுகில் தொற்றியிருக்க, உள்ளே விழுந்த குழந்தையைத் தூக்கிக் காப்பாளர்கள் வரும் கதவருகே கொண்டுபோய்ச் சேர்த்தது. 1979-இல் ஒளிபரப்பான பிபிசி தொடரில் ருவாண்டா மலைக்காட்டின் கொரில்லாக் குடும்பத்துக்கு நடுவே தொகுப்பாளர் டேவிட் அட்டன்பரோ படுத்திருந்த காட்சியும் இதே திசையில் வேலை செய்தது. ஆனால் அந்தக் காட்சியில் வந்தவை மலைக் கொரில்லாக்கள். அவை எந்தப் பூங்காவிலும் இல்லை. பூங்காக்களில் இருப்பவை ஏறத்தாழ முழுவதும் மேற்குத் தாழ்நிலக் கொரில்லாக்கள் என்ற வேறு வகை.

பார்ப்பதற்கு வசதியான விலங்காகக் கொரில்லா இருப்பதும் ஒரு காரணம். அது பகலின் பெரும்பகுதியைத் தரையில் கழிக்கிறது, மெதுவாக நடக்கிறது, உட்கார்ந்து உண்கிறது. ஒரு வெள்ளிமுதுகு ஆண், சில பெண்கள், அவற்றின் குட்டிகள் என்று கூட்டத்தின் அமைப்பு முதன்முறை பார்ப்பவருக்கும் உடனே விளங்கிவிடுகிறது. மனிதப் பராமரிப்பில் பிறந்த முதல் கொரில்லாவான கோலோ 1956 டிசம்பர் 22 அன்று ஓஹையோவின் கொலம்பஸ் பூங்காவில் பிறந்தது. அதற்குப் பிந்திய சில பத்தாண்டுகளில் பூங்காக்கள் கொரில்லாக்களை வாழவைக்கவும் இனம்பெருக்கவும் கற்றுக்கொண்டன. தனிக் கூண்டில் அடைபட்ட ஒற்றை விலங்குக்குப் பதிலாகக் குட்டிகளோடு கூடிய குடும்பத்தைக் காட்ட முடிந்தது. கொரில்லா முன்னேறியதும் சிம்பன்சி பின்தங்கியதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்ததற்கு இது முக்கியமான காரணம்.

சிம்பன்சி ஒரு காலத்தில் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதைக் காட்டும் தகவல் ஒன்று உண்டு. லண்டன் பூங்காவில் பணியாற்றியவரும் தொலைக்காட்சியில் காங்கோ என்ற சிம்பன்சியை அறிமுகப்படுத்தியவருமான டெஸ்மண்ட் மாரிஸ், 4 முதல் 14 வயது வரையுள்ள சுமார் 80,000 பிரிட்டன் குழந்தைகளின் விருப்பு வெறுப்புகளைத் திரட்டினார். மிகவும் பிடித்த விலங்கு என்று 13.5 விழுக்காட்டினர் சொன்னது சிம்பன்சியை. குதிரை, பாண்டா, யானை, சிங்கம் எல்லாம் அதற்குப் பின்னால்தான். ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு அறிமுகமாகியிருந்த சிம்பன்சி எது என்று பார்க்க வேண்டும். லண்டன் பூங்காவில் 1926 முதல் 1972 வரை சிம்பன்சிகளின் தேநீர் விருந்து நடந்துவந்தது. உடை அணிவிக்கப்பட்ட இளம் சிம்பன்சிகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கோப்பையிலிருந்து குடிப்பதும் சிந்துவதும் சண்டையிடுவதுமே அந்தக் காட்சி. அங்கே அமர்ந்தவை எல்லாம் சிறு வயது விலங்குகள். ஏழெட்டு வயதைத் தாண்டிய சிம்பன்சி மனிதரைவிட மிகுந்த வலிமை பெற்றுவிடுவதால், அதை மேசையில் அமர்த்துவது ஆபத்து. ஆகவே மக்கள் நேசித்தது ஒரு விலங்கின் குழந்தைப் பருவத்தை மட்டும்; தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட அந்தக் குட்டிகள் பின்னர் கூட்டத்தோடு இணைந்து வாழக் கற்றுக்கொள்வது எளிதாக இருக்கவில்லை.

விருந்துகள் நின்றபின் பார்வையாளர்கள் எதிரே நின்றது வளர்ந்த சிம்பன்சிக் கூட்டம். அது ஓலமிடுகிறது, மயிர் சிலிர்க்க ஓடிக் கதவை உதைக்கிறது, சில வேளைகளில் மலத்தை எடுத்து வீசுகிறது. சுவீடனின் ஃபுருவிக் பூங்காவில் சாந்தினோ என்ற ஆண் சிம்பன்சி, பூங்கா திறப்பதற்கு முன்பே கற்களைச் சேகரித்துக் குவித்து வைத்துப் பிறகு பார்வையாளர்கள் மீது எறிந்ததை 2009-இல் ஆய்வாளர் ஒருவர் விரிவாகப் பதிவு செய்தார். எதிர்காலத்தைத் திட்டமிடும் ஆற்றலுக்கு அது சான்றாகப் பேசப்பட்டது. பெண் சிம்பன்சியின் பின்புறம் இனப்பெருக்கக் காலத்தில் இளஞ்சிவப்பாக வீங்குவதைக் கண்டு, அது கட்டியா, நோயா, ஏன் மருத்துவம் பார்க்கவில்லை என்று காப்பாளர்களிடம் கவலையோடு விசாரிப்பவர்கள் உண்டு. சற்று நேரம் பார்த்துவிட்டுக் குழந்தையை இழுத்துக்கொண்டு அடுத்த அடைப்புக்குப் போய்விடுபவர்களும் உண்டு. அதே வேளையில், பொறுமையோடு ஒரு மணி நேரம் நிற்பவருக்கு நான்கு வகைகளில் மிக அதிகமாகத் தருவது சிம்பன்சிக் கூட்டம்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. நெதர்லாந்தின் ஆர்னெம் நகரப் பூங்காவில் 1971-இல் உருவாக்கப்பட்ட பெரிய கூட்டத்தை 1975 முதல் கவனித்த விலங்கு நடத்தை ஆய்வாளர் ஃபிரான்ஸ் டி வால், ஆண்கள் கூட்டணி சேர்ந்து தலைமையைக் கவிழ்ப்பதையும், சண்டைக்குப் பின் சமாதானம் செய்துகொள்வதையும் கண்டது ஒரு பூங்காவில்தான். எந்தப் பார்வையாளரும் காணக்கூடிய காட்சிகள் அவை. தேவைப்படுவது ஒவ்வொரு விலங்கையும் முகத்தால் அடையாளம் காணும் அளவு நேரம் மட்டுமே.

சிம்பன்சியின் பழக்கமான முகம் அதற்கே தீங்கு செய்திருக்கிறது. லிங்கன் பார்க் பூங்காவின் பார்வையாளர்களிடம் எந்த மனிதக் குரங்குகள் அழிவின் ஆபத்தில் இருக்கின்றன என்று கேட்கப்பட்டது. கொரில்லா என்று 95 விழுக்காட்டினரும், ஒராங்குட்டான் என்று 91 விழுக்காட்டினரும் சரியாகச் சொன்னார்கள். சிம்பன்சி என்று சொன்னவர்கள் 66 விழுக்காடு மட்டுமே. விளம்பரங்களிலும் திரைப்படங்களிலும் தொலைக்காட்சியிலும் அடிக்கடி தென்படுகிற விலங்கு காட்டில் ஏராளமாக இருக்கும் என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். 2008-இல் வெளியான இந்த முடிவு, உடை அணிந்த சிம்பன்சிகளைக் காட்சிக்குப் பயன்படுத்துவதை எதிர்ப்பவர்களுக்கு வலுவான வாதத்தைக் கொடுத்தது. பிடித்திருப்பதும் அக்கறை கொள்வதும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஒராங்குட்டான் பெறும் அன்பு வேறு வகையைச் சேர்ந்தது. லண்டன் பூங்காவில் ஜென்னி என்ற இளம் பெண் ஒராங்குட்டானை 1838-இல் சார்ல்ஸ் டார்வின் நேரில் பார்த்தார். காப்பாளர் ஆப்பிளைக் காட்டிவிட்டுக் கொடுக்காமல் வைத்துக்கொண்டபோது, அது மல்லாந்து விழுந்து காலை உதைத்து, அடம்பிடிக்கும் குழந்தையைப் போல அழுததை அவர் தம் சகோதரிக்கு எழுதினார். சில ஆண்டுகள் கழித்து அதே பூங்காவில் வேறோர் ஒராங்குட்டானைக் கண்ட விக்டோரியா அரசிக்கு, அது மனிதரை ஒத்திருந்த விதம் வேதனையும் வெறுப்பும் தந்தது. ஒரே விலங்கின் முன் எழும் இந்த இருவகை உணர்ச்சிகளையும் இன்றும் காணலாம். பொதுவாக ஒராங்குட்டான் கூட்டத்தை உடனே கவர்ந்துவிடுவதில்லை. அது மரத்தில் வாழும் விலங்கு, பெரும்பாலும் தனித்திருக்கும், சாக்கு ஒன்றைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு உயரத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அவசரத்தில் இருப்பவர் அது தூங்குகிறது என்று சொல்லி நகர்ந்துவிடுவார். ஆனால் கண்ணாடித் தடுப்பை ஒட்டி அது அமர்ந்திருக்கும் நாளில் நிலைமையே வேறு. எதிரே இருப்பவரின் பைக்குள் என்ன இருக்கிறது என்று அது குனிந்து பார்க்கும்; ஒரு பொருளை வெளியே எடுத்துக் காட்டினால் அதை விட்டு அடுத்ததைக் காட்டும்படி பையை நோக்கி விரலை நீட்டும்; கைக்குழந்தையைக் கண்டால் நெடுநேரம் முகத்தைக் கண்ணாடியில் பதித்து நோக்கும். கண்ணை நேராகச் சந்திக்கும் அந்தப் பார்வையை அனுபவித்தவர்கள் பிறகு ஒராங்குட்டானையே தேடி வருகிறார்கள்.

அறிவுக்கூர்மை மிக்க தப்பியோடல்களும் ஒராங்குட்டானுக்கு அன்பர்களைச் சேர்த்திருக்கின்றன. 1968-இல் ஒமாஹா பூங்காவில் ஃபூ மான்சூ என்ற ஆண், வாய்க்குள் ஒளித்து வைத்திருந்த கம்பியைக் கொண்டு பூட்டைத் திறந்து குடும்பத்தோடு வெளியே வந்தது. சான் டியாகோ பூங்காவின் கென் ஆலன் 1985-இல் மூன்று முறை அடைப்பிலிருந்து ஏறி வெளியேறி, எவருக்கும் தீங்கு செய்யாமல் மற்ற விலங்குகளைப் பார்த்துக்கொண்டு நடந்தது. எப்படி ஏறுகிறது என்று கண்டறியப் பணியாளர்கள் பார்வையாளர்களைப் போல உடுத்தி வேவு பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு ரசிகர் மன்றமே உருவானது. சிங்கப்பூரின் ஆ மெங் இன்னொரு வகை. விருந்தினர்களோடு காலை உணவு மேசையில் அமர்ந்து அந்த நாட்டின் அடையாளங்களில் ஒன்றாகிப்போன அந்தப் பெண் ஒராங்குட்டான் 2008-இல் இறந்தபோது, நினைவுக் கூட்டத்துக்குச் சுமார் 4,000 பேர் வந்தார்கள். வாஷிங்டனில் உள்ள தேசிய உயிரியல் பூங்கா 1995-இல் பார்வையாளர்களின் தலைக்கு மேலே உயரக் கம்பிவடங்களை அமைத்து, ஒராங்குட்டான்கள் தம் விருப்பப்படி ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைக்குக் கை மாற்றிப் பிடித்துச் செல்ல வழி செய்தது. எனக்கு இந்த ஏற்பாட்டின் மீது பெருமதிப்பு உண்டு. மந்தமானது என்று பெயர் வாங்கிய ஒரு விலங்கு எவ்வளவு நேர்த்தியாக இயங்குகிறது என்பதை, எந்த வித்தையும் கற்பிக்காமல், அதன் இயல்பான இடமான உயரத்திலேயே காட்டியது அது.

போனோபோவின் நிலைதான் வருத்தத்துக்குரியது. ஆம்ஸ்டர்டாமின் ஆர்ட்டிஸ் பூங்காவில் 1911 முதல் 1916 வரை மாஃபூக்கா என்ற குரங்கு வாழ்ந்தது. அதைச் சிம்பன்சி என்றே எல்லோரும் எண்ணிப் பார்த்தார்கள். அது வேறோர் இனமாக இருக்கலாம் என்று ஐயுற்றவர் போர்ட்டீல்யே என்ற இயற்கையறிஞர். 1929-இல் பெல்ஜியத்தின் டெர்வ்யூரன் அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு மண்டையோட்டைக் கொண்டே போனோபோ முதன்முதலில் அறிவியலில் வேறுபடுத்திச் சொல்லப்பட்டது. தனி இனம் என்ற தகுதி 1933-இல் கிடைத்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகியும் பூங்காக்களில் நிலைமை பெரிதாக மாறவில்லை. பெயர்ப்பலகையைப் படிக்காமல் "சிம்பன்சி" என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறவர்களே மிகுதி. கறுத்த முகம், சிவந்த உதடு, நடுவகிடு எடுத்தது போன்ற தலைமயிர், நீண்ட கால்கள் என்று வேறுபாடுகள் தெளிவாக இருந்தாலும், எதை நோக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். அதை வைத்திருக்கும் பூங்காக்கள் மிகச் சில. பிரிட்டனில் டுவைகிராஸ் பூங்கா மட்டுமே. காட்டிலும் அது காங்கோ மக்களாட்சிக் குடியரசு என்ற ஒரே நாட்டில், நெடுங்காலம் போரால் நுழைய முடியாமல் இருந்த பகுதியில் வாழ்வதால், காட்டில் தங்கி ஆய்ந்தவர்களான ஜேன் குடால் சிம்பன்சிக்கும் டையன் ஃபாஸி மலைக் கொரில்லாவுக்கும் பெற்றுத் தந்த புகழ் அதற்குக் கிடைக்கவில்லை. பூசலைத் தணிக்கவும் உணவைப் பகிரும் முன் இறுக்கத்தைக் குறைக்கவும் அவை அடிக்கடி உடலுறவு கொள்வதும் ஒரு தடை. குழந்தைகளோடு வந்த குடும்பங்கள் அங்கே சங்கடப்படுகின்றன. அந்தச் சங்கடத்தை அஞ்சிப் பூங்காக்களும் போனோபோவை முன்னிறுத்தத் தயங்கியிருக்கின்றன. டுவைகிராஸில் கூனி என்ற பெண் போனோபோ, கண்ணாடியில் மோதி விழுந்த ஸ்டார்லிங் என்ற மைனா வகைப் பறவையை எடுத்து, மர உச்சிக்கு ஏறி, அதன் இரு இறக்கைகளையும் கவனமாக விரித்துப் பறக்கவிட முயன்றதை டி வால் பதிவு செய்திருக்கிறார். லண்டன் கொரில்லாவின் குருவிகளுக்குச் சற்றும் குறையாத நிகழ்ச்சி இது. ஆனால் பார்வையாளர்களிடையே கூனியின் பெயரை அறிந்தவர்கள் எத்தனை பேர்?

பெயர் பெற்ற தனி விலங்கு ஒன்று இருப்பது இனத்தின் செல்வாக்கையே உயர்த்திவிடுகிறது என்பதை மேலே சொன்னவை காட்டும். ஜப்பானின் நகோயாவில் உள்ள ஹிகாஷியாமா பூங்காவின் ஷபானி என்ற வெள்ளிமுதுகு ஆண், அழகன் என்று சமூக ஊடகங்களில் பேசப்பட்டதால், 2015-இல் அதைக் காணவென்றே இளம்பெண்கள் திரண்டார்கள். ஆனால் இத்தகைய செல்வாக்கு விலங்குக்கு நன்மையாக முடிய வேண்டும் என்பதில்லை. லண்டனின் கை 1978-இல் பல் அறுவைச் சிகிச்சையின்போது இறந்தது. பார்வையாளர்கள் ஆண்டுக்கணக்கில் கொடுத்த இனிப்புகளால் அதன் பற்கள் கெட்டிருந்தன. ராட்டர்டாம் பூங்காவுக்கு அடிக்கடி வந்து பொகிட்டோ என்ற ஆண் கொரில்லாவைக் கண்ணோடு கண் நோக்கிச் சிரித்துவந்த பெண் ஒருவர், அது தம்மிடம் நட்பு கொண்டிருப்பதாக நம்பினார். 2007 மே மாதம் அது அகழியைத் தாண்டி வந்து அவரைக் கடுமையாகத் தாக்கியது. கொரில்லாக்களிடையே நேர்ப்பார்வையும் பல் தெரியும் முகமும் அறைகூவல். மார்பில் அறைந்து காட்டிக் கொரில்லாவை உசுப்பிவிட முயலும் பெரியவர்களைக் காணாத பூங்காவே இல்லை. அவர்கள் அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள் என்றாலும், அந்த விலங்குக்கு அது நாள் முழுதும் தொடரும் சண்டைக்கு அழைப்பு. கூட்டமும் கூச்சலும் மிகுந்த நாள்களில் கொரில்லாக்களும் ஒராங்குட்டான்களும் முதுகைத் திருப்பிக்கொள்வதையும் மறைவிடம் தேடுவதையும் காப்பாளர்கள் நன்கு அறிவார்கள். நல்ல அடைப்பில் பார்வையாளர் கண்ணுக்குப் படாத மூலை ஒன்று கட்டாயம் இருக்கும். விலங்கைக் காணவில்லை என்று குறைபட்டுக்கொள்பவர்கள் அந்த மூலைக்காகப் பூங்காவைப் பாராட்ட வேண்டும் என்பது என் எண்ணம்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். எந்த மனிதக் குரங்கை வைத்துக்கொள்வது என்பதைப் பார்வையாளரின் விருப்பம் நேரடியாகத் தீர்மானிப்பது குறைந்துவிட்டது. லண்டன் பூங்காவில் இன்று கொரில்லாக்கள் இருக்கின்றன. தேநீர் விருந்துகளால் புகழ்பெற்ற சிம்பன்சிகளோ லண்டன் பூங்காவை நடத்தும் நிறுவனத்தின் மற்றொரு பூங்காவான விப்ஸ்னேடில் இருக்கின்றன. இடநெருக்கடியான நகரப் பூங்காவில் வளர்ந்த ஆண்கள் பலவற்றைக் கொண்ட சிம்பன்சிக் கூட்டத்தை முறையாக வைத்திருப்பது கடினம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எந்த விலங்கு எங்கே போக வேண்டும் என்பதைப் பல பூங்காக்கள் சேர்ந்து நடத்தும் இனப்பெருக்கத் திட்டங்கள் வம்சாவளிப் பதிவேட்டைக் கொண்டு பரிந்துரைக்கின்றன. துணையினங்கள் (ஓர் இனத்துக்குள் உள்ள வகைகள்) கலந்து பிறந்த சிம்பன்சிகளை ஐரோப்பியத் திட்டம் பொதுவாக இனப்பெருக்கத்தில் சேர்ப்பதில்லை. கொரில்லாக்களில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சமமாகப் பிறந்தாலும் ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆண் போதும் என்பதால், மிஞ்சும் ஆண்களுக்கு ஆண்கள் மட்டுமே கொண்ட கூட்டங்கள் தேவைப்படுகின்றன. பெரிய உருவத்தை விரும்பும் பார்வையாளர்கள் அந்தக் கூட்டத்தையும் மகிழ்ச்சியோடு பார்ப்பதால், இனப்பெருக்கம் இல்லாத இடங்களும் அதை ஏற்க முன்வருகின்றன. போனோபோக்களுக்கு அத்தகைய ஆதரவு இல்லை. புதிதாக ஒரு பூங்கா அவற்றை ஏற்க வேண்டுமானால், சிம்பன்சியிலிருந்து அவற்றை வேறுபடுத்திக் காட்டும் விளக்கப் பலகையும், அடைப்பின் முன் நின்று பேசக்கூடிய காப்பாளரும் முதல் நாளிலிருந்தே திட்டத்தில் இடம்பெற வேண்டும்.